பிடிமானம்

2024ஆம் ஆண்டில் ஒரு நாள். பூனாகலையில் நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலையில் பதினோராம் தரத்துக்குக் குருதி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. செங்குருதிக் கலங்கள், வெண்குருதிக் கலங்கள், குருதிச் சிறுதட்டுக்கள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, வெண்குருதிக் கலங்கள் கிருமிகளை விழுங்கி நம்மைக் காக்கின்றன என்று வழமைபோலச் சொன்னேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். தாய் கொழுந்து எடுப்பவர். இவள் வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள்.

"சேர், ரெத்தம் ஓடிக்கிட்டே இருக்குன்னு சொன்னீங்க. கால்ல முள்ளு குத்துனா வெள்ளைக் கலம் அந்த எடத்துக்குப் போகும்னும் சொன்னீங்க. ஓடுற ரெத்தத்துல போற கலம், இதுதான் நம்ம எடம்னு கண்டு எப்பிடி சேர் எறங்கும்? பஸ்ஸுன்னா மணி அடிச்சா நிப்பாட்டுவாங்க. ரெத்தம் நிக்காதே?"

இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பாடத்தைப் படிப்பித்து வருகிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பாடநூலில் அமீபாவைப்போல ஒரு கலம் வாயைத் திறந்து கிருமியை விழுங்கும் படம் இருக்கிறது. அந்தக் கலம் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதற்குப் படமுமில்லை, வரியுமில்லை. "நாளைக்குச் சொல்றன்" என்று சமாளித்தேன். பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்கு எத்தனையோ முறையியல்களைப் பழக்கினார்கள். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகள் முன்னால் சொல்வதை மட்டும் ஒருவரும் பழக்கவில்லை.

அன்றிரவு விடுதியில் இஷாத் தொழுதுவிட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். கையில் போன் இருக்கும் காலத்தில் ஒரு வாத்தியார் அறியாமல் இருப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு சாட்டு இல்லை.

நம் குருதியில் ஒரு கன மில்லிமீற்றருக்கு நாலாயிரம் முதல் பதினோராயிரம் வரை வெண்குருதிக் கலங்கள் இருக்கும். உடம்பில் ஓரிடத்தில் காயம் பட்டுக் கிருமி நுழைந்தால், அங்குள்ள மிகச் சிறிய நாளங்களின் உட்சுவர் மாறத் தொடங்குகிறது. மயிர்த்துளைக் குழாய்களைத் தாண்டியவுடன் வருகிற நாளங்கள் இவை. அதுவரை வழவழப்பாக இருந்த சுவரில் செலக்டின் என்ற புரதங்கள் முளைத்தாற்போல எழுகின்றன. ஓடிவரும் வெண்கலத்தின் மேலிருக்கும் ஒருவகை வெல்லத்தை அவை தொட்டுப் பிடிக்கும். பிடி உடனே விட்டுப்போகும். மறுபடி பிடிக்கும், மறுபடி விடும். இப்படிப் பிடிபட்டும் விடுபட்டும் அந்தக் கலம் சுவரோடு உருண்டு போகிறது. உருளும்போது அதன் வேகம் குருதியின் ஓட்டத்தைவிடப் பல மடங்கு குறைந்துவிடும். அந்த நேரத்தில் காயத்திலிருந்து கசிந்து வரும் இரசாயனச் செய்தி அதற்குக் கிடைக்கிறது. செய்தி கிடைத்ததும் கலத்தின் மேல் மடங்கிக் கிடந்த இன்டெகிரின் என்ற இன்னொரு புரதம் நிமிர்ந்து சுவரை இறுகப் பிடிக்கிறது. உருளுதல் நிற்கிறது. பிறகு சுவரின் இரு கலங்களுக்கு இடையில் தன்னை ஒடுக்கிக்கொண்டு வெளியே நழுவிக் காயத்தை நோக்கி ஊர்ந்து போகிறது. அங்கே போராடிச் செத்த கலங்கள்தான் நாம் சீழ் என்று அருவருக்கும் அந்தப் பொருள்.

இதைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர்களும் இருக்கிறார்கள். 1846இல் இங்கிலாந்தில் அகஸ்டஸ் வோலர் தவளையின் நாக்கை நுணுக்குக்காட்டியின் கீழ் விரித்துப் பார்த்தார். 1867இல் பேர்லினில் ஜூலியஸ் கோன்ஹைம், வெண்கலங்கள் நாளச் சுவரில் வரிசையாக ஒட்டி நின்று பின் வெளியேறுவதையும் சீழ் உண்டாவதையும் சேர்த்து விளக்கினார். பிடித்துக்கொள்ளும் அந்தக் கைகளின் பெயர் தெரிய இன்னும் நூறு வருடத்துக்கு மேல் சென்றது.

வாசிக்கும்போது "அலக்" என்ற சொல் மனதில் வந்தது. முதலாவதாக இறங்கிய வசனங்களைக் கொண்ட சூறாவுக்கு அதுதான் பெயர். உறைந்த குருதி, தொங்குவது, ஒட்டிக்கொள்வது, அட்டை என்றெல்லாம் அகராதிகள் அதற்குப் பொருள் தருகின்றன. மழைக் காலத்தில் பூனாகலைப் பாதையில் நடந்த எவருக்கும் அட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. விஞ்ஞானிகள் கண்டதையெல்லாம் நமது வேதம் அன்றே சொல்லிவிட்டது என்று எழுதும் கூட்டத்தில் நான் சேர்ந்தவன் அல்லன். அப்படி எழுதுவது வேதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் சேர்த்துச் செய்யும் மரியாதைக் குறைவு என்பது என் எண்ணம். ஆனாலும் மனிதனுடைய தொடக்கத்தைச் சொல்ல, ஒட்டிக்கொள்வது என்ற பொருளுடைய ஒரு சொல் வந்திருப்பது அன்றிரவு என்னைச் சற்று நேரம் நிறுத்திவைத்தது.

பிறகு அடுத்த பந்தியை வாசித்தேன். இந்தப் பிடி இல்லாமல் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றியது அது. அவர்களுடைய குருதியில் வெண்கலங்கள் சாதாரணத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். ஆனால் ஒன்றாலும் குழாயை விட்டு இறங்க முடியாது. காயம் ஆறாது, சீழும் பிடிக்காது. முதல் அடையாளம், தொப்புள் கொடி விழப் பிந்துவது. சாதாரணமாக ஒன்று இரண்டு வாரத்துக்குள் விழும் கொடி, இப்பிள்ளைகளுக்கு மூன்று நாலு வாரம் தாண்டியும் விழாது. ஏனெனில் காய்ந்த கொடியை உடம்பிலிருந்து பிரித்து விடுவதும் இதே வெண்கலங்கள் செய்யும் வேலைதான்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

எங்களுக்கு வெலிமடைக்குப் பக்கத்தில் குருத்தலாவை. ராத்தாவை எங்கள் மாமியின் மகனுக்கே, அதாவது வாப்பாவின் சகோதரி மகனுக்கே, முடித்துக் கொடுத்தார்கள். மச்சான் உருளைக்கிழங்கு போடுகிறவர், நல்ல மனிதர். 1999இல் ராத்தாவுக்கு முதலாவது ஆண் பிள்ளை கிடைத்தது. நாலு மாதத்தில் மவுத்தாகிவிட்டது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். 2001இல் இரண்டாவது ஆண் பிள்ளை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில்தான் நின்றேன். அந்தப் பிள்ளைக்குத் தொப்புள் கொடி விழவில்லை. ஏழு நாளில் தலைமயிர் இறக்கிப் பெயர் வைத்தபோதும் கொடி அப்படியே இருந்தது. உம்மும்மா மஞ்சளும் எண்ணெயும் வைத்துப் பார்த்தார். லெப்பையிடம் தண்ணீர் ஓதி வந்தோம். முப்பத்தோராம் நாள் அது விழுந்தது. விழுந்த இடம் சிவந்து வீங்கிப் புண்ணானது. அந்தப் புண்ணை நான் பார்த்திருக்கிறேன். சீழ் இல்லை. ஓரங்கள் சுட்டாற்போலக் கறுத்து, நாளுக்கு நாள் அகன்றது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வெள்ளைக் கலங்கள் எழுபத்திரண்டாயிரம் என்றார்கள். இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று எலும்பு மச்சையும் எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்த அன்று நாங்கள் சந்தோஷப்பட்டு வீட்டில் பாத்திஹா ஓதினோம். ஐந்தாம் மாதம் அந்தப் பிள்ளையும் போய்விட்டது. குருத்தலாவை மையவாடியில் நானாவும் நானும் மச்சானும் கபுறில் இறங்கி வைத்தோம். அவ்வளவு சிறிய கபுறுக்கு மூன்று பேர் தேவையில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். ராத்தா நாற்பது கழியாமல் மையத்து வீட்டுக்குப் போனவள் என்று மாமி ஒரு நாள் சொன்னார். உண்மைதான். பக்கத்து வீட்டில் ராத்தாவைத் தன் பிள்ளையைப்போல வளர்த்த ஒரு மூத்தம்மா மவுத்தானபோது, ராத்தா பின்வாசல் வழியாகப் போய் ஐந்து நிமிடம் முகம் பார்த்துவிட்டு வந்திருந்தார். மாமி அதைத் திட்டிச் சொல்லவில்லை. துக்கத்தில்தான் சொன்னார். ஆனால் சொன்ன சொல் ஊரில் நின்றுவிட்டது. 2003இல் ஒரு பெண் பிள்ளை கிடைத்து, மாஷா அல்லாஹ், நன்றாக வளர்ந்த பிறகும் நிற்கத்தான் செய்தது. ராத்தா அதற்குப் பிறகு எந்த மையத்து வீட்டுக்கும் போனதில்லை. எங்கள் உம்மா மவுத்தானபோதுகூட வாசலில் நின்று அழுதுவிட்டு உள்ளே வர மறுத்தார். அன்று அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொன்னேன். செலக்டின், இன்டெகிரின் என்ற பெயர்கள் பரீட்சைக்கு வரமாட்டா. அதனால் மலைச்சரிவை எடுத்துக்கொண்டேன். மழை நாளில் செங்குத்துப் பாதையில் வழுக்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். புல்லைப் பிடிப்போம் என்றார்கள். புல் பிடுங்குப்படும். அடுத்த புல்லைப் பிடிப்போம். வழுக்கும் வேகம் குறையும். அப்புறம் தேயிலைச் செடியின் அடிக்கட்டை கைக்கு வந்தால் நின்றுவிடுவோம். புல் செலக்டின், கட்டை இன்டெகிரின். இதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைப் பக்கம் மண் சரிந்ததைக் கண்ட பிள்ளைகள் அவர்கள். பிடிமானம் போனால் என்ன நடக்கும் என்பதை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

"கட்டையே இல்லாட்டி சேர்?" என்று கேட்டாள் அதே பிள்ளை.

அப்படியும் ஒரு வருத்தம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்தை முடித்தேன்.

கட்டை இல்லாத வருத்தத்தைப் பற்றி 1979இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. கொடி விழப் பிந்தி, உடம்பெங்கும் கிருமி பரவிய பிள்ளைகளைப் பற்றியது. 1980களில் காரணம் தெரிந்தது. இன்டெகிரின்களின் ஒரு பாதியான சீ.டி.18 என்ற புரதத்தை ஆக்கும் பரம்பரையலகில் பிழை. அது 21ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டும் பிழையாக வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் பிழையானவர் காவி. அவருக்கு ஒரு குறையும் இராது. பத்து இலட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் அரிதான நோய் இது. நெருங்கிய உறவுக்குள் முடிக்கும் குடும்பங்களில்தான் கூடுதலாக வெளிப்படுகிறது. கடுமையான வகையாக இருந்தால், எலும்பு மச்சை மாற்றிவைக்காவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதைக் காண்பதில்லை.

புல்லே பிடிபடாத வருத்தமும் ஒன்று உண்டு. அதன் கதையில் நமக்கு அயலிலுள்ள ஊர் ஒன்று வருகிறது. 1952இல் பம்பாயில் டொக்டர் பெண்டேயும் அவருடைய சகாக்களும் ஏ, பீ, ஓ என்ற எந்த வகையிலும் அடங்காத ஒரு குருதி வகையைக் கண்டார்கள். அதற்குப் பம்பாய் வகை என்றே பெயராயிற்று. இந்தியாவில் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில் அந்த வகையினர் இருக்கிறார்கள். குருதி ஏற்ற வேண்டி வந்தால் தவிர அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. நாற்பது வருடம் கழித்து, 1992இல், இஸ்ரேலில் ஏமோஸ் எட்சியோனி என்ற குழந்தை மருத்துவர் இரண்டு அரபுச் சிறுவர்களைப் பற்றி எழுதினார். வெவ்வேறு குடும்பங்கள். இரு பிள்ளைகளின் பெற்றோரும் உறவுக்குள் முடித்தவர்கள். அடிக்கடி கடுமையான தொற்று, சீழ் இல்லை, வெண்கலங்களோ மிக அதிகம். இருவருடைய குருதியும் பம்பாய் வகை. பியூக்கோஸ் என்ற வெல்லத்தை உடம்பு உரிய இடத்தில் சேர்க்காததே காரணம். குருதி வகையின் அடையாளத்துக்கும் அந்த வெல்லம் வேண்டும். செலக்டின் தொட்டுப் பிடிக்கும் பொருளுக்கும் அதுவே வேண்டும். பின்னர் துருக்கிய வமிசத்துப் பிள்ளை ஒன்றுக்கு அந்த வெல்லத்தை வாய் வழியாகவே கொடுத்துப் பார்த்தார்கள். தொற்றுகள் குறைந்தன.

2025இல் ராத்தா வீட்டுக்குப் போனபோது பிஸ்கட் தகரத்துக்குள் இருந்த பழைய காகிதங்களை வாங்கி வந்தேன். பிள்ளையின் கிளினிக் கார்டும் ஆஸ்பத்திரித் துண்டுகளும் இருந்தன. எனக்குத் தெரிந்த ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். கொடி விழுந்தது எத்தனையாம் நாள் என்று, நான் சொல்லுமுன் அவரே கேட்டார். "இப்ப உறுதியாச் சொல்ல ஏலாது மாஸ்டர். ஆனா இந்த நோயைத்தான் நானும் முதல்ல நினைப்பன்" என்றார். ஒரு வழி இருக்கிறது என்றும் சொன்னார். வெண்கலத்தின் மேல் சீ.டி.18 எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்கும் கருவி இருக்கிறது. கடுமையான நோயுள்ள பிள்ளையில் அது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. காவிகளில் ஏறக்குறையப் பாதி. தாய், தகப்பன் இருவருடைய இரத்தத்தையும் பார்த்து, இருவருக்கும் பாதிதான் என்றால் சந்தேகம் அநேகமாகத் தீர்ந்துவிடும். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கடிதம் தருவதாகச் சொன்னார்.

இதற்குள் வீட்டில் வேறொரு பேச்சு எழுந்திருந்தது. ராத்தாவின் மகளை நானாவின் மகனுக்குக் கேட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள். ஒருவரை ஒருவர் பிடித்தும் இருந்தது. நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நோய் அதுதான் என்று வைத்துக்கொண்டால் ராத்தா காவி. அவருடைய சுகமான மகள் காவியாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. நானாவுக்கு இரண்டில் ஒன்று. நானாவின் மனைவி மாவனல்லை, வெளி இடம். ஆகவே மகனுக்கு நாலில் ஒன்று. இருவருமே காவியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் இருபத்துநாலில் ஒன்று. வெளியில் முடித்தால் அது ஏறக்குறைய இல்லை என்றே ஆகும். எனக்கும் இரண்டில் ஒன்றுதான். என் மனைவி உறவில்லை. என் பிள்ளைகள் இருவருக்கும் கொடி ஏழெட்டு நாளில் விழுந்தது. அன்று நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

நானாவிடம் தாளைக் காட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"மார்க்கம் ஆகுமாக்கினத்த நீ ஹறாமாக்கப் பாக்கிறியா? அலி ரலியல்லாஹு அன்ஹு பாத்திமா நாயகத்த முடிக்கல்லியா? ஊருல எத்தின பேர் மச்சிய முடிச்சி நல்லாத்தானே ஈக்கிறாங்க?"

நானா சொன்னது முழுவதும் சரி. முறைக்குள் முடித்தவர்களில் பெரும்பாலானோருக்கு நல்ல பிள்ளைகளே கிடைக்கின்றன. பூனாகலைத் தோட்டத்திலும் தாய்மாமன் மகன், அத்தை மகள் என்று உரிமை கேட்டு முடிப்பவர்கள் நிறைய. ஆகுமானதைச் செய்துதான் ஆக வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை என்றும், கேட்பது ஒரு சொட்டு இரத்தம்தான் என்றும் நான் சொன்னேன். இரண்டு மையத்தை மண்ணில் வைத்த பிறகு பார்க்காமல் இருப்பதற்குத்தான் எனக்குக் காரணம் தெரியவில்லை என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. நானா எழுந்து அஸருக்குப் போய்விட்டார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு நானாவின் மகனே எனக்குப் போன் எடுத்தான். "சாச்சா, மாமிக்கும் மாமாவுக்கும் பாருங்க. தேவப்பட்டா எனக்கும் பாருங்க. வாப்பாக்கிட்ட நான் சொல்றன்" என்றான்.

ராத்தாவிடம் சொல்லத்தான் எனக்குப் பயமாக இருந்தது. அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். வகுப்பில் சொன்ன அதே கதையைச் சொன்னேன். புல், தேயிலைக் கட்டை, கட்டை இல்லாத பிள்ளை. கொடி ஏன் விழவில்லை என்றும், சீழ் ஏன் பிடிக்கவில்லை என்றும் சொன்னேன். பிள்ளை வயிற்றில் உண்டான அன்றே தீர்ந்துபோன விடயம் இது, பிறந்த பிறகு யாரும் ஒன்றும் செய்து அதைக் கொண்டுவர முடியாது என்றும் சொன்னேன். கத்தி நின்றது.

"அப்ப அந்த மூத்தம்மாட மையத்தப் பாக்கப் போனதால இல்லியா?"

"இல்ல ராத்தா."

"முந்தின புள்ளக்கி நான் எங்கயும் போகல்லியே. அத ஒத்தரும் யோசிக்கல்ல." கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "நானும் யோசிக்கல்ல தம்பி."

கண்ணைத் துடைக்கவில்லை. கிழங்குத் தோலை ஒதுக்கி வைத்தார். பிறகு கொழும்புக்கு எத்தனை மணிக்குப் பஸ், காலையில் சாப்பிடாமல் போக வேண்டுமா, எவ்வளவு இரத்தம் எடுப்பார்கள் என்றெல்லாம் கேட்டார். கொஞ்சம்தான் எடுப்பார்கள், சாப்பிட்டுவிட்டே போகலாம் என்றேன்.

"அவருக்கும் குத்தி எடுப்பாங்களா?"

"மச்சானுக்கும் எடுக்கத்தான் வேணும். ரெண்டு பேருட்டயும் பாதி பாதி ஈந்தாத்தான் அது வரும்."

ராத்தா முன்வாசலைத் திரும்பிப் பார்த்தார். மச்சான் தோட்டத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். மாமி திண்ணையில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தார்.

"அத நீயே மாமிக்கும் சொல்லு தம்பி," என்றார் ராத்தா. "இப்பவே சொல்லு. நானும் வாறன்."